அக்குறணை ஓவனும் நாவலப்பிட்டி பஸ்ஸும்

போன யூன் மாதம் மூன்று நாள் கண்டிப் பக்கம் போய் வந்தேன். மாளிகை, குளம், பூந்தோட்டம் எதையும் இந்தப் பதிவில் தேடவேண்டாம். நான் போனது சின்னத் தொழிற்சாலைகளைப் பார்க்க. கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று அளக்கும் கருவியை இங்கேயே செய்து விற்கலாமென்று ஒரு வருடமாக எனக்குள் ஒரு யோசனை. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில், கோப்பாயில் ஒரு கட்டடமும் பார்த்து வைத்திருந்தேன். பக்கத்திலேயே ட்ரான்ஸ்போமர், மூன்று கட்ட மின்சாரம், தாராளமான கூரை. என் கணக்கெல்லாம் மின்சாரத்தைச் சுற்றியே ஓடியது. கட்டணம் ஏறுகிறது, இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது. இதற்குள் ஒருவர் எப்படித் தொழில் நடத்துகிறார் என்று நேரில் பார்க்காமல் காசை இறக்கப் பயமாக இருந்தது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு பொறியியல் படித்த பர்ஸானா அக்குறணையில் பத்து வருடமாக லோட் செல் செய்கிறாள். தராசுக்குள் இருந்து பாரத்தை உணரும் அலுமினியத் துண்டுக்குத்தான் அந்தப் பெயர். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் மின் தராசுகளில் பல அவளுடைய துண்டுகளால்தான் ஓடுகின்றன. போனில் கேட்டபோது, "கேட்டு என்னத்துக்கு? வந்து ரெண்டு நாள் பக்கத்துல நிண்டு பாருங்க" என்றாள். "ஓம், புதன்கிழமை வாறன்" என்றேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி போகும் பஸ் அக்குறணை வழியாகத்தான் போகும் என்பது பலருக்குத் தெரியாது. கண்டிக்குப் போய்த் திரும்பி வராமல், மாத்தளை தாண்டியதும் கொண்டக்டரிடம் சொல்லி அங்கேயே இறங்கிவிடலாம். காலை ஆறு மணிக்கு ஏறினேன். சாதாரண பஸ், கண்டி வரைக்குமான காசு 1,250 ரூபாய். தம்புள்ளையில் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். இரண்டரைக்கு அக்குறணையில் இறங்கினேன். கண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான் மிச்சம். ஆனால் கடைவீதி முழுக்க வாகன நெரிசல், அந்தக் கொஞ்சத் தூரத்துக்கே ஒரு மணித்தியாலம் போகக்கூடும்.

பட்டறை மெயின் ரோட்டில் இல்லை, மேட்டில். பெருமழைக்கு அக்குறணைக் கடைவீதிக்குள் ஆறு வந்துவிடும் என்பதால் நுணுக்கமான சாமான் வைத்திருப்பவர்கள் மேலே ஏறிவிடுகிறார்கள். ஓட்டோவுக்கு 300 ரூபாய். ஒருகாலத்தில் அவளுடைய வாப்பா துணி அடுக்கி வைத்த களஞ்சியம் அது. கீழே பெட்டிகள். மேலே கண்ணாடித் தடுப்பு போட்ட குளிரூட்டிய அறை. செருப்பைக் கழற்றி, தலைக்குத் தொப்பி போட்டுத்தான் உள்ளே போகலாம்.

உள்ளே ஒரு நீள மேசையில் ஆறு நுணுக்குக்காட்டிகள். மூன்றில் பெண்கள் குனிந்து, மறுநாள் ஒட்டவேண்டிய துண்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று கதிரைகள் காலி.

அவர்கள் செய்யும் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விரல் நகத்தில் பாதி அளவு ஒரு மெல்லிய தாள், அதற்குள் மயிரிழை போலக் கம்பி மடிந்து மடிந்து ஓடுகிறது. அதற்குக் கேஜ் என்று பெயர். அதைப் பசை பூசி அலுமினியத் துண்டில் கோடு பிசகாமல் ஒட்டி, இடுக்கியால் அழுத்தி, ஓவனில் ஐந்தாறு மணித்தியாலம் ஒரே சூட்டில் வேகவிட வேண்டும். சூடு இடையில் விழுந்தால் பசை சரியாக இறுகாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்துத் தராசு ஒரு கிலோவை ஒரு கிலோ ஐம்பது கிராம் என்று காட்டும், இல்லாவிட்டால் ஐம்பது கிராமைக் குறைத்துக் காட்டும். கொழுந்து பறிப்பவரின் கூலி அதில்தான் தொங்குகிறது.

"கரண்ட்டு வெலய பத்தித்தானே கேக்க வந்தீங்க?" என்று பர்ஸானாவே தொடங்கினாள். அக்குறணைப் பேச்சில் 'இருக்க' என்பது 'ஈக்க' ஆகும், 'சொல்ல' என்பது 'செல்ல' ஆகும். "கூடவோ கொறயவோ, ஒரு வெல ஈக்கட்டும். ஆனா மாறாம ஈக்கட்டும். நான் ஒரு தராசுக் கொம்பனிக்கு ஒரு வருஷத்துக்கு வெல எழுதிக் குடுக்கிறேன். அந்த வருஷத்துக்குள்ள கரண்ட்டு வெல மாறினா அவன் எனக்குக் கூட்டித் தருவானா?"

அவளிடம் இருப்பது நேரத்துக்கு நேரம் விலை மாறும் மீற்றர். மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை விலை மிக அதிகம், அதற்குப் பிறகு மிகக் குறைவு. இரவில் ஓவனைப் போட்டால் லாபம். ஆனால் இரவில் யார் நிற்பது? பெண்களுக்கு வீடு போக பஸ் இல்லை. ஆகவே பட்டறை காலை எட்டுக்குத் தொடங்கும், பன்னிரண்டுக்குள் ஒட்டி முடித்து ஓவனை மூடுவார்கள், ஆறரைக்கு முன் அணைப்பார்கள். பத்து வருடமாக இதுதான் ஒழுங்கு.

கூரையில் சோலார் தகடுகளும் உண்டு. மின்சாரத்தை லைனுக்குக் கொடுத்துக் காசு வாங்கும் திட்டத்தில் போட்டவை. "போடு போடு எண்டு சென்னாங்க, போட்டோம். இப்ப பெருநாள் லீவு வந்தா, பகல்ல கரண்ட்டு கூடிப் போச்சு, உங்கட சோலார ஓஃப் பண்ணுங்க எண்டு செல்றாங்க" என்று சிரித்தாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை எப்போது வரும் என்று பேசுகிற மாதிரித்தான் சொன்னாள்.

அன்றிரவு கண்டியில் தங்கினேன். ரயில் நிலையத்துக்குப் பின்பக்க மேட்டில் சாதாரண அறை, 4,500 ரூபாய், சுடுதண்ணீர் உண்டு.

அடுத்த நாள் வியாழக்கிழமை. நல்ல வெயில். ஒன்றரை மணியிருக்கும், பெண்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஓவனுக்குள் முப்பத்தாறு துண்டுகள். பட்டென்று எல்லாம் நின்றது. குளிரூட்டியின் இரைச்சல் அடங்கியதும் கீழே ரோட்டில் ஹோன் அடிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

"லைட்டு, ஏசி, கேத்தல், ஒண்டும் வேணாம். எல்லாத்தயும் ஓஃப் பண்ணுங்க, ஓவன் மட்டும்!" என்று பர்ஸானா ஓடினாள். பற்றரி ஓவனை அரை மணித்தியாலம் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டரைக் கிளப்பவேண்டும். இயந்திரங்களைப் பார்க்கும் ரிஸ்வி நானா கீழே இறங்கி இழுத்தார், இழுத்தார், அது இருமியதே தவிரப் பிடிக்கவில்லை.

மேலே கூரை நிறைய வெயில் கொட்டுகிறது, தகடுகள் பளபளக்கின்றன, உள்ளே ஒரு துளி மின்சாரம் இல்லை. படித்தவன் என்பதால் எனக்குக் காரணம் தெரியும். லைன் செத்தால் இந்தவகைச் சோலாரும் தானாக நிற்கவேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்துபவருக்கு ஷொக் அடிக்கும். ஆனால் காரணம் தெரிவது ஒன்று, வெளியே அந்த வெயிலை வைத்துக்கொண்டு ஓவனின் சிவப்பு இலக்கம் இறங்குவதைப் பார்ப்பது வேறு. பற்றரியும் சொன்ன அரை மணித்தியாலம் தாங்கவில்லை. நூற்றைம்பதில் இருந்த சூடு நூற்றிருபதுக்கு வந்தது. நானும் கீழே ஓடிப்போய் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி ஊதிக்கொடுத்தேன். ஜெனரேட்டர் பிடித்தபோது சூடு நூற்றுப் பத்து.

மேல் ரோட்டில் மரக்கொப்பு ஒன்று கம்பியில் விழுந்ததாம். யார் மீதும் குற்றமில்லை.

பர்ஸானா அந்த முப்பத்தாறு துண்டுகளும் இருந்த தட்டில் சிவப்பு டேப் ஒட்டினாள். "இதெல்லாம் பாரம் தொங்கப் போட்டுப் பாக்கணும். பாஸாகாட்டி குப்பைக்கு." பிறகு காலிக் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தர்ஷினி ஈந்திருந்தா பத்தரைக்கே ஒட்டி முடிஞ்சி, பாதி வெந்திருக்கும். இண்டைக்குப் பன்னெண்டு தாண்டித்தானே ஓவன மூடினோம்."

தர்ஷினி நாவலப்பிட்டிப் பிள்ளை. நாலு வருடமாக வேலை செய்பவள், கேஜ் ஒட்டுவதில் முதல் ஆள். ஒரு வாரமாக வரவில்லை. 'கொஞ்சம் வேலை இருக்கு மிஸ்' என்று ஒரு மெசேஜ் மட்டும். அதே ஊரிலிருந்து வந்த இரண்டு பேர் போன வருடம் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். "ஒருத்தியப் பழக்க எட்டு மாசம். பழகினதும் பேங்க்குக்குப் போறாள், இல்லாட்டி வெளிநாடு. இஞ்சினியர்மார் அதுக்கும் முந்தி போறாங்க. நாளைக்கு நான் நாவலப்பிட்டிக்குப் போறேன், நீங்களும் வாறீங்களா?"

வெள்ளி காலை எட்டு மணிக்கு அவளுடைய காரில் புறப்பட்டோம். நேராகப் போனால் அக்குறணையிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் சொச்சம். நாங்கள் பிலிமத்தலாவையைச் சுற்றிப் போனோம், அலுமினியக் கட்டிகளை வெட்டித் தருபவரிடம் சாமான் எடுக்க. சுனில் என்று ஒரு சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். வீட்டுக்குப் பின்னால் கணினி சொல்லியபடி வெட்டும் இயந்திரங்கள் இரண்டு. கண் சிவந்திருந்தார். மலிவு விலைக்காக இரவில் இயந்திரத்தை ஓட்டுகிறாராம், இரவு வேலைக்கு ஆள் கிடைக்காததால் தானே நிற்கிறாராம். பர்ஸானா மொழிபெயர்த்தாள்: "இவர் செல்றார், கரண்ட்டு ராவைக்கு மலிவு, ஆள் பகலைக்குத்தான் கிடைக்கும், அதால அவருக்கு ரெண்டு நேரமும் தூக்கமில்லையாம்." மனுசன் அதைச் சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை.

அங்கிருந்து தவுலகலை வழியாகக் கம்பளைக்கு ஒரு குறுக்கு ரோடு உண்டு. வளைவு அதிகம், ஆனால் வாகனம் குறைவு. கம்பளை தாண்டியதும் மழை பிடித்தது. நாவலப்பிட்டி போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி.

தர்ஷினியின் அப்பா நகரசபையில் தண்ணீர்ப் பகுதியில் கிளார்க். ரயில்பாதைக்கு மேலே படிகள் ஏறிப் போகும் வீடு. அவர் லீவில் நின்றார். "வாங்க வாங்க, இந்த மழையில ஏன் இவ்வளவு தூரம்" என்று கதிரைகளை இழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனார். தர்ஷினி சுகமாகத்தான் இருந்தாள். மேசையில் ஜப்பான் மொழி படிக்கும் கொப்பி விரித்தபடி இருந்தது. பர்ஸானா அதைப் பார்த்தாள். தர்ஷினி அதை மூடவில்லை.

"கம்பளையில கிளாசுக்குப் போறேன் மிஸ். பாஸ் பண்ணினா அங்க ஃபெக்டரியில வேல. சொல்லணும்னுதான் இருந்தேன், வாய் வரல."

"சம்பளமா?" என்றாள் பர்ஸானா.

"சம்பளத்துல ஒரு குறையும் இல்ல மிஸ். நான் காலையில நாலே முக்காலுக்கு வீட்ட விட்டு எறங்குறேன். கண்டியில பஸ் மாறி, அக்குறணையில எறங்கி, ஓடி வாறேன். திரும்பி வர எட்டு மணி. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் இந்த வீட்ட வெளிச்சத்துல பாக்குறேன். எதிர்வீட்டு நாய் என்னயப் பாத்துக் கொரைக்குது மிஸ், யாரோன்னு நெனச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. பர்ஸானாவுக்கு வரவில்லை.

"நாலு வருஷம் ஈந்தியே, ஏன் செல்லல்ல?"

"சொல்லி? ஓவன் பன்னண்டுக்கு மூடணும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அக்குறணையில தங்கச் சொல்லுவீங்க. தங்கியும் பாத்தேனே மிஸ், ரெண்டு மாசம். நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. ஆனா எனக்கு ராத்திரியில என் வீட்டுல தூங்கணும்."

தகரக் கூரையில் மழை. நான் வெளியாள். ஆனாலும் என் மண்டைக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. கேட்டேவிட்டேன். "பர்ஸானா, வேலையை ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கி, ஆறரைக்குப் பிறகும் ஓவன் ஒரு மணித்தியாலம் ஓடினால் உமக்கு எவ்வளவு கூட வரும்?"

அவள் போனை எடுத்துத் தட்டினாள். ஒருமுறை தட்டி, நம்பாமல் இன்னொரு முறை தட்டினாள். தொகையை எங்களுக்குச் சொல்லவில்லை. "எட்டு மாசம் ஒருத்தியப் பழக்குற செலவுக்கு முன்னால இது ஒண்டுமே இல்ல" என்று மட்டும் சொன்னாள். "நான் கரண்ட்டு பில்ல மாசாமாசம் பாக்குறேன். ஆள் போற பில்லு எனக்கு வாறதே இல்லையே."

ஆனால் ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கினாலும் பஸ் மூன்று மணித்தியாலப் பயணம்தான். அதை இருவரும் உணர்ந்தார்கள். இங்கேயே ஒட்டி அங்கே அனுப்பலாமா என்று நான் கேட்டதற்கு இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டி மறுத்தார்கள். பசை ஈரமாக இருக்கும்போது இந்த வளைவுகளில் ஆட்டினால் கேஜ் நகர்ந்துவிடும். ஒட்டும் இடத்தில்தான் வேகவைக்கவேண்டும்.

"அப்ப ஓவன் இங்க வரணும்" என்றாள் பர்ஸானா. அதை யாருக்கும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "போன வருஷம் நிண்ட ரெண்டு பேரும் இப்ப என்ன செய்றாங்க?"

"ஒருத்தி வீட்டுல. ஒருத்தி துணிக்கடையில நிக்கிறா."

தேத்தண்ணியோடு வந்த அப்பா, நடந்துகொண்டிருந்த கதையில் பாதியைத்தான் கேட்டிருப்பார். ஆனால் உடனே, "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல செல்வத்தோட இரும்புக் கடைக்கு மேல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு" என்றார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, குடை பிடித்துக்கொண்டு, நாலு பேரும் போய்ப் பார்த்தோம். இரண்டு யன்னல், சீமெந்துத் தரை, ஒரு மூலையில் ஈரம். பர்ஸானா சுவரில் கைவைத்துப் பார்த்தாள், மீற்றரைப் பார்த்தாள். சின்ன ஓவனுக்குப் போதும். ஆனால் அது கடைக்கான இணைப்பு. கடைக் கட்டணம் தொழிற்சாலைக் கட்டணத்தைவிடக் கூட. மாற்றுவதென்றால் விண்ணப்பம், பரிசோதனை, காத்திருப்பு.

"கேஜ் ஒட்டுறதக் கடை எண்டு செல்லுவாங்க" என்றாள் என்னிடம். "பரவாயில்ல, சண்ட புடிப்பேன்."

தர்ஷினி யன்னலருகே நின்று கீழே பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ், நான் ஜப்பான் போறத விடமாட்டேன். பரீட்சை மார்கழியில. அது வரைக்கும் வேணா இங்க வாறேன். அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாறேன். அதுக்கு அப்பறம் போயிருவேன்."

பர்ஸானா என்ன சொல்வாள் என்று பார்த்தேன். முகத்தில் ஏதோ ஓடியது. "போ. போகாத எண்டு நான் செல்லல்ல. ஈக்கும் வரைக்கும் வெளிச்சத்துல வீட்டுக்குப் போ" என்றாள். தர்ஷினி சரி என்று தலையை ஆட்டினாள். பெரிய உடன்படிக்கை ஒன்றுமில்லை. கைகூடக் கொடுத்துக்கொள்ளவில்லை.

பர்ஸானா அறை விஷயம் பேச நின்றுவிட்டாள். நான் ரயிலில் கண்டி திரும்பினேன். ஒன்றரை மணித்தியாலம், மூன்றாம் வகுப்பில் நூறு ரூபாயைச் சுற்றித்தான். நாவலப்பிட்டியிலிருந்து கம்பளை வரை இடது பக்க யன்னலைப் பிடித்தால் ஆறு தெரியும் என்றார்கள். நான் பார்க்கவில்லை. கோப்பாய்க் கட்டடத்துக்கு ஆட்கள் எங்கிருந்து, எப்படி வருவார்கள் என்று முதல்முறையாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வழியில் பஸ் மணித்தியாலத்துக்கு ஒன்று.

பிறகு நடந்தவை போனில் தெரிந்தவை. சிவப்பு டேப் ஒட்டிய துண்டுகளில் பாதிக்கு மேல் கழிந்தன. மிச்சத்தையும் அவள் விற்கவில்லை. நாவலப்பிட்டி அறை புரட்டாதியில் திறந்தது. ஈர மூலைக்கு ஈரம் உறிஞ்சும் ஒரு இயந்திரம், ஒரு சின்ன ஓவன், நாலு நுணுக்குக்காட்டிகள். நின்றுபோன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். தர்ஷினி பரீட்சையில் பாஸாகிப் போய்விட்டாள். போகும் முன் இரண்டு புதுப் பிள்ளைகளைப் பாதியாவது பழக்கிவிட்டுப் போனாள். மின் இணைப்பு இன்னமும் கடை இணைப்புத்தான். பர்ஸானா சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இதே மாதிரிப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பெரஹெர ஊர்வல நாட்களைத் தவிருங்கள், கண்டியில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்கமுடியாது. அக்குறணையில் வெள்ளி மத்தியானம், ஜும்மா தொழுகை நேரம், யாரையும் தேடிப் போகாதீர்கள். சின்னப் பட்டறைகளுக்குப் பெயர்ப்பலகை இராது, தெரிந்த ஒருவர் மூலம் முன்கூட்டியே பேசிக்கொண்டு போங்கள், படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். கம்பளைக்கு அங்கால் எந்த மாதமும் குடை வேண்டும். முதலாளியிடம் மின் கட்டணத்தைப் பற்றிக் கேளுங்கள், நிறையச் சொல்வார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் மேசையில் குனிந்திருப்பவர்களிடம் காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்கினீர்கள் என்றும் கேளுங்கள். முதலாளி சொன்னதன் மறுபாதி அந்தப் பதிலில் இருக்கும்.

கோப்பாய்க் கட்டடத்தை நான் எடுக்கவில்லை. சுன்னாகத்தில், பஸ்கள் வந்து நிற்கும் சந்தையிலிருந்து நடந்து வரும் தூரத்தில், அதைவிடச் சின்ன இடமாக எடுத்திருக்கிறேன். கூரை போதாது, சோலார் பாதிதான் போடலாம். இரண்டு பேரை எடுத்தாயிற்று. போன திங்கள் முதல் நாள். நான் எட்டரைக்குப் போனபோது அவர்களில் ஒருவர், மல்லாகத்துப் பிள்ளை, மழையில் நனைந்த சைக்கிளோடு பூட்டிய கேற்றுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஒன்பதுக்குத்தானே பிள்ளை தொடக்கம்?"

"ஓம் சேர். மகளைப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டு நேரே வந்திட்டன். திரும்ப வீட்டை போய் வர நேரம் காணாது."

அந்தப் பூட்டுக்கு என்னிடம் இரண்டு திறப்புகள் இருந்தன. வளையத்திலிருந்து ஒன்றைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன்.